முத்திரையிட்ட பிழை

நான் திருடன் அல்ல என்று என் சொந்தக் கம்ப்யூட்டருக்கு நிரூபிப்பதில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் வரையில் அது நம்பவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் நானும் நியாயஸ்தன் ஆகிவிடுவேன். இந்த விஷயத்தில் நியாயஸ்தர்கள் ஏற்கெனவே ஜாஸ்தி.

என் அண்ணன் மகள் ஒருத்தி பகலில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தனக்குப் பிடித்த வேலையைப் பார்க்கிறாள். தொடர்கதை எழுதுகிற சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. என் நாவலில் ஏழாம் அத்தியாயத்தில் இருபத்திரண்டு வயதாக இருந்த கதாநாயகி, பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இருபது வயதாகிவிடுவாள். முதல் பாகத்தில் செத்துப் போன வண்டிக்காரர் மூன்றாம் பாகத்தில் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். வாசகர்கள் விடுவார்களா? வாரா வாரம் கடிதம் வரும். இந்த மானக்கேட்டிலிருந்து என்னைக் காப்பாற்ற அவள் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். யார் எந்த அத்தியாயத்தில் வருகிறார், என்ன வயது, என்ன உறவு என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். சொற்பிழையும் பார்க்கும். நான் அதை என் நண்பர்கள் நாற்பது பேருக்குக் கொடுத்தேன். எழுதுகிறவர்கள், புரூஃப் திருத்துகிறவர்கள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒருவரிடமும் ஒரு காசு வாங்கவில்லை.

முதல் நாள் அதைத் திறந்தபோது என் கம்ப்யூட்டர் சொன்னது: “இதைச் செய்தவர் யார் என்று தெரியவில்லை. இது உங்கள் கம்ப்யூட்டருக்குத் தீங்கு செய்யலாம்.”

செய்தவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த யந்திரம் எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனியோடு வழக்காட நான் வரவில்லை. இந்த வழக்கம் இப்போது பெரிய வீடுகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. அந்தப் பயமுறுத்தலைத் தாண்டிப் போக ஒரு குறுக்கு வழி இருந்தது. எங்கே போய், எதை அழுத்தி, பிறகு எதை அழுத்த வேண்டும் என்று ஒரு காகிதத்தில் ஐந்து வரியில் எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டு, பிரதி எடுத்து நாற்பது பேருக்கும் கொடுத்தேன். ‘பயப்பட வேண்டாம், திறக்கலாம்’ என்று கடைசியில் ஒரு வரி. இந்தக் காகிதத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது திரும்பி வரும்.

யந்திரம் கேட்பது ஒரு முத்திரை. காலேஜ் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். கணக்கில் என் யோக்கியதை ஊரறிந்தது. ஆகையால் அவள் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன். புரோகிராம் எழுதியவரிடம் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதற்கு ஜோடியாக ஊரறிந்த சாவி ஒன்று இருக்கிறது. இப்படி ஜோடிச் சாவி செய்ய முடியும் என்று 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் எழுதினார்கள். அடுத்த வருஷமே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதற்கான கணக்கைச் செய்து காட்டினார்கள். புரோகிராம் முழுவதையும் கூட்டிக் கழித்துச் சுருக்கி ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணை ரகசியச் சாவியால் பூட்டிப் புரோகிராமோடு சேர்த்துவிடுகிறார்கள். ஊரறிந்த சாவியால் யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்க்கலாம். நடுவில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று ஒரு பெரிய ஸ்தாபனம் சர்டிபிகேட் கொடுக்கும். அவ்வளவுதான்.

அழகான கணக்கு. அதன்மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. தபாலில் வரும் பார்சலின் அரக்கு முத்திரை உடையாமல் இருந்தால் நடுவழியில் யாரும் பிரிக்கவில்லை என்று தெரிந்துகொள்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. ஆனால் பார்சலுக்குள் இருப்பது அல்வாவா அரளி விதையா என்று அரக்கு சொல்லாது. நகைக் கடையில் ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்தைச் சொல்கிறது. புரோகிராமின் மேலுள்ள முத்திரை கடைக்காரர் பெயரைத்தான் சொல்கிறது. பெயரைத் தரம் என்று நம்மை நம்ப வைத்திருப்பதில்தான் என் சண்டை ஆரம்பம்.

பெயர் சொல்லிக்கொள்ளக் கூலியும் கொடுக்க வேண்டும். ஆப்பிள் கம்பெனி 2012-ல் தன் மாக் கம்ப்யூட்டர்களின் வாசலில் ‘கேட்கீப்பர்’ என்று ஒரு வாயிற்காப்போனை நிறுத்தியது. அவன் மறிக்காமல் விட வேண்டுமானால் கம்பெனியிடம் வருஷத்துக்கு 99 டாலர் சந்தா கட்டிப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். 2019-ல் வந்த காட்டலினா முதல், புரோகிராமைக் கம்பெனிக்கே அனுப்பி இன்னொரு முத்திரையும் வாங்க வேண்டும் என்றார்கள். அதற்கு வைத்த பெயர் நோட்டரைசேஷன். நம் ஊர் கோர்ட்டு வாசலில் நோட்டரி வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டா முத்திரை குத்துகிறார்? பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. முத்திரை இல்லாததைத் திறக்க அதுவரை ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொடுக்கும் சின்ன வழி இருந்தது. 2024-ல் அதையும் அடைத்து, செட்டிங்குகளுக்குள் போய்த் தேட வைத்துவிட்டார்கள். விண்டோஸ் பக்கம் சர்டிபிகேட் விற்கிற கடைகள் தனி. 2023 ஜூன் முதல் ரகசியச் சாவியை அதற்கென்று செய்த பாதுகாப்புக் கருவிக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்று விதி. இத்தனையும் செய்த பிறகும், நிறையப் பேர் இறக்கிக்கொண்டு நல்ல பெயர் வரும் வரையில் புதுப் புரோகிராமைப் பார்த்து யந்திரம் முகம் சுளிக்கும். நல்ல பெயர் வந்தால்தான் திறக்க விடுவார்கள். திறந்தால்தான் நல்ல பெயர் வரும். கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் கதை.

என் அண்ணன் மகள் மானஸ்தி. “தெரியாதவர், தெரியாதவர் என்று நாற்பது பேர் வீட்டில் என்னைச் சொல்கிறது, சித்தப்பா” என்று ஒரு நாள் வருத்தப்பட்டாள். சம்பளத்திலிருந்து எடுத்துச் சந்தா கட்டினாள். முத்திரை வாங்கினாள். புதுப் பிரதி வந்தது. யந்திரம் ஒரு வார்த்தை பேசாமல் திறந்தது.

பிழை வந்தது அதற்குப் பிறகுதான்.

முத்திரை போட்ட பிரதியில் சொற்பிழை பார்க்கும் பொத்தானை நான் அழுத்திய மறு நிமிஷம் புரோகிராம் காணாமல் போயிற்று. நின்று போகவில்லை, காணாமலே போயிற்று. கூடவே, அன்று காலையிலிருந்து எழுதிய ஆறு பக்கங்களும் போயின. ஒரு தாய் தன் மகனிடம் பதினைந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிற இடம் அது. மறுபடி எழுதினேன். முதல் தடவை வந்த மாதிரி வரவில்லை. எழுதுகிறவர்களுக்கு இந்த நஷ்டம் புரியும்.

டெலிபோனில் சொன்னேன். “என் கம்ப்யூட்டரில் நன்றாகத்தானே ஓடுகிறது, சித்தப்பா” என்றாள். கம்ப்யூட்டர்க்காரர்கள் எல்லாரும் முதலில் சொல்கிற வாக்கியம் இதுதானாம். அச்சகத்தில் கம்பாசிட்டர் “மூலப் பிரதியிலேயே அப்படித்தான் இருந்தது சார்” என்பாரே, அதற்குச் சகோதரி.

முதல் ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்தாள். டிபக்கர் என்று ஒரு கருவி உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை அந்தந்த இடத்திலே நிறுத்தி, இப்போது எந்த வரியில் நிற்கிறாய், கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிற கருவி. டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி. அதை எடுத்து என் கம்ப்யூட்டரில், தான் எழுதிய புரோகிராமின்மேல் வைத்தாள்.

அனுமதி இல்லை என்றது யந்திரம்.

அவள் எதையோ மாற்றி மறுபடி வைத்தாள். அனுமதி இல்லை. என்னைப் பாஸ்வேர்டு போடச் சொன்னாள். போட்டேன். அப்போதும் இல்லை. எழுதியவள் அவள். காசு கொடுத்து வாங்கிய யந்திரம் என்னுடையது. பாஸ்வேர்டு என் விரலில் இருக்கிறது. இன்னும் யார் வந்து சொல்ல வேண்டும்?

காரணத்தைச் சாப்பிடும்போது விளக்கினாள். ஒரு புரோகிராமைத் திறந்து பார்க்க வேண்டுமானால், ‘என்னைத் திறந்து பார்க்கலாம்’ என்ற அனுமதிச் சீட்டு அதற்குள்ளேயே வைத்துத் தைத்திருக்க வேண்டும். செய்கிறவர் தம் மேஜையில் வைத்துச் சோதிக்கிற பிரதியில் அந்தச் சீட்டு இருக்கும். ஊருக்குப் போகிற பிரதியில் அது இருக்கக் கூடாது. இருந்தால் முத்திரை கிடைக்காது. ஆகவே திறந்து பார்க்கக் கூடிய பிரதியை யாரும் உபயோகிப்பதில்லை. எல்லாரும் உபயோகிக்கிற பிரதியைத் திறந்து பார்க்க முடியாது.

இரண்டாவது ஞாயிறு, சீட்டு வைத்த சோதனைப் பிரதியை என் கம்ப்யூட்டரில் போட்டாள். பொத்தானை அழுத்தினேன். பிழை இல்லை! இருபது தடவை அழுத்தினேன். சமர்த்தாக ஓடியது. முத்திரைப் பிரதியைத் திறந்து அழுத்தினால் உடனே மாயம். அச்சுத் தொழிலோடு பழகியவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்கிறேன்: காலி புரூஃபில் பிழையே இல்லை, அச்சான புத்தகத்தில் இருக்கிறது; ஆனால் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது, காலி புரூஃபைத்தான் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் பிரஸ் முதலாளி.

குறுக்கு வழி ஒன்று உண்டு என்றாள். முத்திரையைக் கிழித்துவிட்டு, என் கம்ப்யூட்டரிலேயே நாமாக ஒரு முத்திரை குத்திக்கொண்டு, அனுமதிச் சீட்டையும் செருகிவிடலாம். செய்தாள். டிபக்கர் உள்ளே போயிற்று. பிழை போய்விட்டது. கிழித்ததும் அது வேறு பிரதி ஆகிவிட்டதே!

இதே மாதிரி நாமே முத்திரை குத்திக்கொள்ளும் கூத்து உலகத்துக்கே தெரிந்த ஒன்று இருக்கிறது. ஜி.டி.பி. என்று ஒரு பழைய இலவச டிபக்கர், 1986-ல் வெளிவந்தது. அதை மாக் கம்ப்யூட்டரில் வேலை செய்ய வைக்க வேண்டுமானால், முதலில் உங்கள் பெயருக்கு நீங்களே ஒரு சர்டிபிகேட் தயாரிக்க வேண்டும். பிறகு ‘இந்தச் சர்டிபிகேட்டை எப்போதும் நம்பு’ என்று நீங்களே குறிக்க வேண்டும். பிறகு அதைக்கொண்டு டிபக்கருக்கு நீங்களே முத்திரை குத்த வேண்டும். 2018 முதல் கூட ஓர் அனுமதித் தாளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். முன்பெல்லாம் கெஜட்டட் ஆபீஸரைத் தேடி அலைந்து மார்க் ஷீட்டுக்கு அட்டெஸ்டேஷன் வாங்கினோம்; இப்போது பல இடங்களில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். அந்தச் சுய அத்தாட்சிதான் இது. ஆனால் நம் சர்க்கார் அதைச் சிரமம் குறைக்கக் கொண்டு வந்தது.

மூன்றாவது ஞாயிறு டிபக்கரை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். யந்திரம் தனக்குத் தானே எழுதிக்கொள்கிற நாட்குறிப்பு ஒன்று இருக்கிறதாம், ஆயிரக்கணக்கான வரிகள். கோர்ட்டுக் கட்டைப் படிக்கிற குமாஸ்தா மாதிரி மத்தியானம் முழுவதும் படித்தாள். நாலரை மணிக்கு “அட!” என்றாள்.

சொற்பிழை பார்க்கிற பகுதி அவள் எழுதியது அல்ல. வேறு யாரோ எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்திருந்ததை எடுத்துச் சேர்த்திருக்கிறாள். இந்தத் தொழிலில் அது சகஜம், யோக்கியமான காரியம். முத்திரைப் பிரதிக்கோ ஒரு விதி உண்டு: ஒரே முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடாதே. சொற்பிழைப் பகுதியை அது வாசலிலேயே நிறுத்திவிட்டது. வராத விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டுப் பரிமாறப் போன புரோகிராம் தலைகுப்புற விழுந்தது. சோதனைப் பிரதிக்கு அந்த விதி கிடையாது. அவள் தன் யந்திரத்தில் முத்திரைப் பிரதியைத் திறந்து பார்த்ததுண்டு. ஆனால் சொற்பிழைப் பொத்தானை அழுத்தவில்லை. அவளுக்குச் சொற்பிழை வராது.

“பாதித் தப்பு என்னுடையது, சித்தப்பா. அது வரவில்லை என்றால் என்ன செய்வது என்று நான் எழுதியிருக்க வேண்டும்” என்றாள்.

வாஸ்தவம். ஆனால் அந்தப் பாதியைக் கண்டுபிடிக்க டிபக்கருக்கு வழி விட்டிருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

அதை எப்படிச் சரி செய்தாள் என்று கேளுங்கள். இந்தக் கட்டுரை எழுதப்பட்டதே அதைச் சொல்லத்தான். வேறு ஒருவர் எழுதிய, தான் முழுக்கப் படித்துப் பார்க்காத அந்தப் பகுதியின்மேல் தன் பெயர் முத்திரையைக் குத்தினாள். யந்திரம் சந்தோஷமாகத் திறந்துகொண்டது. உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. நேற்று வரை சந்தேகத்துக்குரியதாக இருந்த சரக்கு, இன்று நம்பிக்கைக்குரியதாகிவிட்டது!

பெண்ணின் நாணயம் எனக்குத் தெரியும். அதனால் நான் நிம்மதியாகத் தூங்கினேன். நாணயமில்லாதவன் கையில் இதே முத்திரை இருந்தால் என்ன ஆகும்? இதற்கு ஊகம் தேவையில்லை. நடந்த கதைகளே போதும்.

2001-ம் வருஷம் ஜனவரி 29, 30 தேதிகளில், வெரிசைன் என்ற பிரசித்தமான சர்டிபிகேட் ஸ்தாபனம் ‘மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்’ என்ற பெயரில் இரண்டு சர்டிபிகேட்டுகளை ஒரு மனுஷனுக்குக் கொடுத்தது. தான் மைக்ரோசாஃப்ட் ஊழியன் என்று அவன் சொன்னான், கொடுத்துவிட்டார்கள். அவன் ஊழியனே அல்ல. நாவலில் நான் இப்படி எழுதினால் ‘ஆசிரியர் வாசகர்களை முட்டாள்களாக நினைக்கிறாரா’ என்று கடிதம் வரும். பிறகு விழித்துக்கொண்டு அந்தச் சர்டிபிகேட்டுகளை ரத்துச் செய்தார்கள். ரத்தானவற்றின் ஜாபிதாவும் இருந்தது. ஆனால் அந்த ஜாபிதா எங்கே இருக்கிறது என்ற விலாசம் சர்டிபிகேட்டில் எழுதப்படவில்லை! யந்திரங்கள் தாமாகப் போய்ப் பார்க்க வழியில்லை. கடைசியில் மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

2010-ல் இரானின் அணு நிலையத்து யந்திரங்களைக் கெடுத்த ஸ்டக்ஸ்நெட் என்ற விஷப் புரோகிராம் எப்படி உள்ளே போயிற்று? அதன் பாகங்கள் தைவானைச் சேர்ந்த ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு நிஜக் கம்பெனிகளின் நிஜ முத்திரையோடு போயின. சாவிகள் திருடப்பட்டிருந்தன. 2020-ல் வெளியான சோலார்விண்ட்ஸ் விவகாரம் இன்னும் நேர்த்தி. அங்கே முத்திரை குத்துவதற்கு முன்பே விஷத்தைக் கலந்துவிட்டார்கள். கம்பெனி தன் கையாலேயே தன் முத்திரையைக் குத்தி, 18,000-க்குச் சற்றுக் குறைவான வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பி வைத்தது. அமெரிக்க சர்க்காரின் இலாகாக்களும் அதில் அடக்கம். முத்திரை பொருந்துகிறதா என்று பார்த்தவர்களுக்கெல்லாம் பொருந்தத்தான் பொருந்தியது.

நோட்டரி? அதே 2020 ஆகஸ்டில் ஷ்லேயர் என்ற விளம்பரக் கள்ளப் புரோகிராம் ஆப்பிளின் நோட்டரி முத்திரையோடு உலாவுவதைக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி அதை ரத்துச் செய்தது. சில தினங்களுக்குள்ளேயே அதன் சகோதரன் புது நோட்டரி முத்திரையோடு வந்து நின்றான். அந்த வருஷம் நவம்பர் 12-ம் தேதி வேறொரு வேடிக்கை. சர்டிபிகேட் செல்லுமா என்று விசாரித்துச் சொல்கிற ஆப்பிளின் யந்திரம் திணறிப் போயிற்று. உலகமெங்கும் மாக் கம்ப்யூட்டர்களில், வாங்கி வைத்திருந்த நல்ல புரோகிராம்களே திறக்காமல் தவித்தன. இன்டர்நெட்டைத் துண்டித்தவர்களுக்கு உடனே திறந்தன. எஜமானன் வீட்டில் இருக்கிறான். வேலைக்காரன் வேறு ஊருக்கு ஆள் அனுப்பி, ‘இவரை உள்ளே விடலாமா’ என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறக்கிறான்.

இவ்வளவையும் கோர்த்து நான் கொட்டித் தீர்த்தபோது, என் அண்ணன் மகள் என் பக்கம் சேரவில்லை. அதையும் எழுதிவிடுவதுதான் மரியாதை.

“சித்தப்பா, டிபக்கரும் திருடன் கருவியும் ஒன்றுதான். நான் என் புரோகிராமுக்குள்ளே பார்க்கிற மாதிரி, ஒருவன் உங்கள் பாங்குப் புரோகிராமுக்குள்ளே பார்த்தால் பாஸ்வேர்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவான். உங்கள் பெயரில் ஓடுகிற எந்தப் புரோகிராமும் உங்கள் பெயரில் ஓடுகிற இன்னொன்றைத் திறந்து பார்க்கலாம் என்றுதான் முன்காலத்தில் இருந்தது. அது பேராபத்து. பூட்டு வேண்டியதுதான்” என்றாள்.

“பூட்டு வேண்டாம் என்று நான் சொன்னேனா, அம்மா? சாவி யாரிடம் என்றுதானே கேட்கிறேன்.”

“சாவியை உங்களிடம் கொடுத்தால், கேட்கிறவன் திருடனாக இருந்தாலும் கொடுத்துவிடுவீர்களே!”

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. வராததற்குக் காரணம் அந்தக் காகிதம்.

நான் காகிதம் கொடுத்த நாற்பது பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என்னைவிட மூத்தவர், என் முதல் கதையைப் புரூஃப் திருத்தியவர். கிராமத்துப் பெண்கள் நடவிலும் தாலாட்டிலும் பாடுகிற பாட்டுக்களைப் பதினொரு வருஷமாக ஊர் ஊராகப் போய்ச் சேகரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். சென்ற வருஷம் அவருக்கு ஒரு மெயில் வந்தது: மின்சார பில் பாக்கி, இதைத் திறந்து பாருங்கள் என்று. திறந்தார். ‘செய்தவர் யார் என்று தெரியவில்லை, தீங்கு செய்யலாம்’ என்று யந்திரம் சொல்லியது. முன்பு ஒரு தடவை இதே வாசகத்தைப் பார்த்திருக்கிறோமே என்று அவருக்கு ஞாபகம் வந்தது. பீரோவிலிருந்து என் காகிதத்தை எடுத்தார். ஐந்து வரியையும் வரிசையாகச் செய்தார். பாட்டுக்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. திறக்கப் பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் திரையில் நின்றது. நோட்டுப் புத்தகங்களில் இருந்த கொஞ்சம்தான் மிஞ்சியது.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நீங்கள் எழுதிக் கொடுத்த மாதிரிதான் செய்தேன், தம்பி. எங்கேயாவது தப்பாக அழுத்திவிட்டேனோ?” என்றுதான் கேட்டார்.

என் பங்கை நான் மறுக்கவில்லை. காசு வாங்காமல் ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்த பெண்ணையும், பாட்டைப் பூட்டிக் காசு கேட்கிற கயவனையும் ஒரே வாக்கியத்தால் வரவேற்ற யந்திரத்துக்கு இதில் பங்கு இல்லையா? இரண்டு பேரையும் பார்த்து ஒரே குரலில் குரைக்கிற நாயை வைத்துக்கொண்டால், வீட்டுக்காரன் நாலாம் நாள் நாயைச் சட்டை செய்ய மாட்டான். உண்மையில் அந்தப் பெண் விஷயத்தில் யந்திரம் சொல்லியிருக்க வேண்டியது என்ன? ‘இவர் எங்களிடம் சந்தா கட்டவில்லை, ஆகையால் இவரை எங்களுக்குத் தெரியாது’ என்பதுதான். அப்படிச் சொன்னால் நானும் அந்தக் காகிதத்தை எழுதியிருக்க மாட்டேன். ‘சந்தா கட்டாதவர்கள் உண்டு, ஆனால் மெயிலில் வருவதைத் திறக்காதீர்கள்’ என்று நாலு பேருக்குப் புத்தி சொல்லியிருப்பேன்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். பாங்கு லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று பாங்கிடம், ஒன்று நம்மிடம். பாங்குக்காரர் தனியாகத் திறக்க முடியாது, நாமும் முடியாது. இந்த ஏற்பாட்டை யாரும் குறை சொல்லவில்லை. இன்றைய கம்ப்யூட்டரில் பாங்கின் சாவி ஒன்றுதான் இருக்கிறது. மாக் கம்ப்யூட்டரில் 2015 முதல் இருக்கிற பெரிய பூட்டைப் பாருங்கள். சொந்தக்காரன் பாஸ்வேர்டு போட்டாலும் சிஸ்டத்தின் உள் அறைகளைத் தொட முடியாது. தொட வேண்டுமானால் யந்திரத்தை நிறுத்தி, வேறு முறையில் தொடங்கி, அந்தப் பூட்டையே கழற்றி வைக்க வேண்டும். ஓர் அலமாரியைப் பார்க்க விரும்புகிறவனிடம் வாசல் கதவைப் பெயர்த்து வைத்துவிட்டுப் பார் என்கிறார்கள்.

நடு வழி இல்லையென்று சொல்ல முடியாது. லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவில் 2010-லேயே இதே ஆபத்தை யோசித்து இதே பூட்டைப் போட்டார்கள். ஒரு புரோகிராம் தான் பெற்ற பிள்ளையைத் தவிர வேறொன்றைத் திறந்து பார்க்கக் கூடாது என்று. ஆனால் யந்திரத்தின் சொந்தக்காரர் தம் பாஸ்வேர்டைக் கொடுத்து ஒரே ஒரு வரி எழுதினால் அந்தப் பூட்டு திறக்கும். வேலை முடிந்ததும் இன்னொரு வரியில் பூட்டிக்கொள்ளலாம். யாருக்கும் சந்தா இல்லை, யாரிடமும் மனுப் போட வேண்டாம்.

நான் கேட்பது அதைவிடக் குறைச்சல். நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்வேர்டு கொடுக்கிறேன். இன்ன புரோகிராம், ஒன்றே ஒன்று, ஒரு மணி நேரம். நான் அழைத்த ஆள் அதைத் திறந்து பார்க்கட்டும். மணி ஆனதும் தானாகப் பூட்டிக்கொள்ளட்டும். பாங்குப் புரோகிராமைத் தொட மாட்டேன் என்று முதலிலேயே எழுதி வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். முத்திரைப் பிரதியை, முத்திரை கிழியாமல், பிழை எங்கே நிற்கிறதோ அங்கேயே பார்க்க வேண்டும். இதைத் தர முடியாது என்று சொல்கிறவர்கள், என்னைத் திருடனிடமிருந்து காப்பாற்றுவதாக மட்டும் சொல்ல வேண்டாம். 2001-ல் மைக்ரோசாஃப்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவனுக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. என் அண்ணன் மகளுக்குத் தான் எழுதியதைப் படிக்க அனுமதி கிடைக்கவில்லை.

தமிழாசிரியர் இப்போது மறுபடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். பாடியவர்களில் மூன்று கிழவிகள் இறந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். என் அண்ணன் மகள் அவருக்காகத் தன் புரோகிராமில் ஒரு புதுப் பகுதி சேர்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டுக்களை இரண்டு மூன்று இடங்களில் தானாகப் பிரதி எடுத்து வைக்கும். அடுத்த மாதம் அவளுக்குச் சந்தா கெடு. இந்தத் தடவை நான் கட்டுகிறேன் என்றேன். “வேண்டாம், சித்தப்பா. உங்கள் பெயரில் கட்டினால் முத்திரையில் உங்கள் பெயர் விழும்” என்றாள்.